தொட்டிக்கு வைத்த தண்ணீர்

எங்கள் தெருவில் என் முகத்துக்கு நேராக ‘டெங்கு அக்கா’ என்பார்கள், நான் நாலு வீடு தாண்டியதும் ‘கொசுக்காரி’ என்பார்கள். என்னமோ சொல்லிவிட்டுப் போகட்டும். வீடு வீடாகப் போய் மாடிப்படி ஏறி, தண்ணீர்த் தொட்டி, டிரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, உடைந்த ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை என்று ஒன்று விடாமல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கொசுப்புழு இருந்தால் மருந்து ஊற்ற வேண்டும். இல்லையென்றால் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. தினக்கூலி. முப்பது வீட்டில் நாய் குரைக்கும், மிச்ச இருபது வீட்டில் ஆட்களே குரைப்பார்கள். பேகம்பூர்ப் பக்கம் மத்தியானம் இரண்டு மணி வெயிலில் பத்து மொட்டைமாடி ஏறி இறங்கிப் பாருங்கள், அப்புறம் என் வாயைப் பற்றிப் பேசலாம்.

இந்த லட்சணத்தில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

“மகேசு, வெரசா வா. புது இலை விட்டுருக்கு.”

என் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டியவர். சர்க்கரை முதலில் இரண்டு விரலைத் தின்றது, பிறகு வலது பாதத்தில் பாதியைத் தின்றது. ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து சாப்பிடுவார், மறுபடி சுவர். ஒருநாள் நான் ஊசி போட வந்தபோது, “எதுக்கு மகேசு இந்த ஊசியெல்லாம், விட்டுரு” என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அந்தக் கண்ணாடித் தொட்டி என் வேலையில்தான் கிடைத்தது. ஒரு மாடி வீட்டில் குடியிருந்த யாரோ விட்டுப் போன இரண்டடித் தொட்டி, மழைத் தண்ணீர் தேங்கிப் புழு நெளிந்துகொண்டிருந்தது. நான் சத்தம் போட்டேன். வீட்டுக்காரம்மா, “ஒங்களுக்கு வேணும்னா தூக்கிட்டுப் போங்களேன், எனக்கு என்னத்துக்கு?” என்றாள். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அவர் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தேன். நாலு மீன் விட்டால் சுவரைப் பார்ப்பதற்குப் பதில் மீனைப் பார்ப்பார் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவர் மீனோடு நிற்கவில்லை. செல்போனில் என்னத்தைப் பார்த்தாரோ, தொட்டிக்குள் செடி வளர்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து அவர் தம்பி ஒரு சாக்குச் செம்மண் கொண்டுவந்து போட்டான். அதைச் சலித்து, அடியில் இரண்டு விரல் உயரம் பரப்பி, மேலே அலசின ஆற்று மணலைப் போட்டு மூடினார். மீன் கடையில் வாங்கின செடிகளை, முள் எடுக்கிற இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து மணலுக்குள் சொருகினார். நாற்று நடுகிற மாதிரி அம்புட்டு நிதானம். நட்டு முடிக்க ஒரு பகல் ஆனது. எனக்கு அன்றைக்கு இட்லிமாவு அரைக்க ஆளில்லை.

ஆனால் செடிக்கு எங்கள் தெருத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. போர் தண்ணீர் உப்பு. ஒரு வாரத்தில் இலையெல்லாம் வெள்ளை பூத்துச் சுருண்டது. சரி, குழாயில் வருகிற நல்ல தண்ணீரைப் பிடித்து ஊற்றினோம். அதில் குளோரின் வாடை குப்பென்று அடிக்கும். இரண்டு கப்பி மீன் செத்து மிதந்தது. கிரிப்டோ என்று ஒரு செடி, கடைக்காரர் பெருமையாகக் கொடுத்தது, மூன்றே நாளில் இலை முழுக்கக் கரைந்து கூழாகப் போனது. நான் பிடுங்கிக் குப்பையில் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

“இலைதான்டி போச்சு. வேரு கெடக்குல்ல. தண்ணி மாறுனா இப்பிடித்தான் செய்யுமாம். பொறு.”

“எனக்குப் பொறுமை எல்லாம் ஐம்பதாவது வீட்டோட தீந்துருச்சு. நீங்களே பொறுங்க.”

ஒரு மாதம் கழித்து மணலிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு இலை வந்தது. அன்றைக்கு அவர் சிரித்தார். கால் போனதிலிருந்து அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை எவ்வளவு திட்டினாலும், தூக்கிப் போடு என்று மட்டும் நான் சொன்னதில்லை.

குளோரின் போவதற்கு வழியும் அந்தச் செல்போன்தான் சொன்னது. குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்தால் போய்விடுமாம். கொல்லையில், குளியலறைச் சுவர் ஓரம், நிழலில் ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்தோம். எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒருதரம் வரும். குடிக்கப் பிடித்தது போக இரண்டு குடம் அந்த டிரம்முக்கு. நான்தான் சுமக்க வேண்டும். “குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல புல்லுக்குத் தண்ணி சொமக்குறேன் பாரு, என்னச் சொல்லணும்” என்று ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பாட்டு பாடுவேன். அவர் வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கால்வாசியை எடுத்துவிட்டு இந்தத் தண்ணீரை ஊற்றுவார். கோலை ஊன்றிக்கொண்டு மக் மக்காக மொள்ளுவார். தொட்டிக்கு மேலே மாட்டின விளக்கைப் போட்டுச் செத்த நேரத்தில் இலை நுனியிலிருந்து குமிழி குமிழியாக மேலே போகும். “செடி மூச்சு விடுதுடி” என்பார். நான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பேன். அந்தப் பத்து நிமிடம் காலில் வலி இருக்காது என்று சொன்னால் பொய், வலி இருக்கும், ஆனால் அதைப் பற்றி நினைக்க மாட்டேன்.

அந்த டிரம்முக்கு மூடி கிடையாது. மூடினால் குளோரின் போகாது என்று மூடவில்லை. ஊரில் ஒரு சட்டி திறந்து கிடந்தால் தெருவே அதிரக் கத்துகிறவள் நான். ஆனால் இது மீனுக்கு வைத்த தண்ணீர், இரண்டு நாள் தண்ணீர், நம் வீட்டுத் தண்ணீர் என்று என் புத்தியில் அது கணக்கிலேயே சேரவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்களே, அந்தப் பல்லி நான்தான்.

ஹாஃபிஸா எங்கள் எதிர்வீடு. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் புருஷன் ஆசாத் பிரியாணிக் கடையில் மாஸ்டர். விடியுமுன் போனால் நடுச்சாமம்தான் வருவான். ஒரே பிள்ளை சபிஹா, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். செடிக்கெல்லாம் பெயர் வைத்ததே அவள்தான். நீளமாக வளரும் புல்லுக்கு ‘ரிப்பன்’ என்று பெயர். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்வார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஹாஃபிஸா வீட்டுப் பெரிய டிரம்மில் டார்ச் அடித்தபோது புழு நெளிந்தது. நிறைய. தண்ணீர் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, அடுத்த தண்ணீருக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அடியில் கிடந்த பழைய தண்ணீரைக் கழுவாமல் அதன்மேலேயே பிடித்திருக்கிறாள்.

“அக்கா, கொட்டிறாதீக. துணியப் போட்டு வடிச்சு, மருந்து ஊத்திக் கழுவ, பொழங்க வச்சுக்கிறேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மருந்து ஊற்றினாலே போதும், எங்கள் வேலை விதி அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நாற்பத்தேழாவது வீடு அது. காலையில் ஒருவன் என் முகத்தில் கதவை அடித்திருந்தான். டிரம்மைச் சாய்த்து முழுக்கக் கொட்டினேன். கொட்டியதோடு விட்டேனா? வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, “தண்ணிய மூடி வைக்கக்கூடத் தெரியலையின்னா நீயெல்லாம் எதுக்குப் புள்ள பெத்த?” என்றேன். அன்றைக்குப் பார்த்து ஆசாத்துக்கு லீவு, உள்ளே இருந்தான். அவன் வெளியே வந்து என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தான். ஹாஃபிஸா தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் டிரம்மில் வேட்டித் துணியைப் போட்டு, சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அடுத்தடுத்த வாரங்களில் நானே துணியை விலக்கிப் பார்த்தேன். பளிங்கு மாதிரித் தண்ணீர். அவள் அட்டையில் ‘இல்லை’ என்று எழுதினேன், அது நியாயமான ‘இல்லை’.

என் வீட்டு அட்டை வேறு கதை. ஐம்பதாவது வீடு என் வீடு. வந்து படியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எட்டிக் கதவுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே ‘இல்லை’ எழுதிக் கையெழுத்துப் போடுவேன். டிரம்மைப் பார்க்கவென்று கொல்லைக்கு எழுந்து போனதே இல்லை. எங்கள் கூட்டத்தில் எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான். சொந்த வீட்டை யார் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்?

அந்த மாதம் என் வீட்டுக்காரருக்குக் காலில் புண் மறுபடி வாய் திறந்துவிட்டது. காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொட்டித் தண்ணீர் மாற்றவில்லை. கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிந்தது. படுத்தபடியே, “ரிப்பனுக்கு நுனி பழுக்குது மகேசு, ஒரு ரெண்டு மக்கு மாத்தி ஊத்தேன்” என்பார். “நாளைக்கு” என்பேன். நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடியது. கொல்லை டிரம்மில் தண்ணீர் அப்படியே நின்றது, நானும் புதிதாக ஊற்றவில்லை.

சபிஹாவுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சூப்பர்வைசர் இனிகோ பத்துப் பேரோடும் புகை மிஷினோடும் தெருவுக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு விஷயத்தில் கறார். தினமும் காலைக் கூட்டத்தில் சொல்வார்: “நம்ம ஆளுக வீட்டுலயே புழு இருந்துச்சுன்னா அன்னைக்கே நிப்பாட்டிருவேன். அதுல பேச்சே கெடையாது. அப்பறம் ஊர்ல எவன் நம்மள மதிப்பான்?”

ஆளுக்கு அஞ்சு வீடு பிரித்துக் கொடுத்தார். “ஒங்க வீட்ட நீங்களே பாத்து எழுதிருங்கக்கா” என்றார்.

அன்றைக்கு ஏனோ படியில் உட்காரவில்லை. நேரே கொல்லைக்குப் போய் அந்த டிரம்முக்குள் டார்ச் அடித்தேன்.

அல்லும் பகலும் இதையே பார்க்கிற கண்ணுக்கு ஒரு நொடி போதும். புழு மட்டுமில்லை, தலை பெருத்த கூட்டுப்புழு, இரண்டு நாளில் பறக்கப் போகிறது. அதற்கு முன்னாலேயே பறந்து போனவை உரித்துப் போட்ட தோல் மேலே மிதந்தது. டிரம்மைத் தூக்கி வெயில் படுகிற மண்ணில் கவிழ்த்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். தேய்த்துவிட்டு உள்ளே வந்து அட்டையில் ‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்து எப்போதும்போல அழகாகத்தான் வந்தது.

கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மகேசு?”

சொன்னேன். அவர் முகம் செத்துப் போனது.

“நாந்தான் மறந்துட்டேன்.”

“நீங்க மறந்தீக. நான் பாக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கோம், இப்ப என்னங்க அதுக்கு?”

“இனிகோகிட்டச் சொல்லிருவோம். ஹாஃபிஸாகிட்டயும் சொல்லிரணும்.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “சொல்லிட்டு? நாளைக்கு எந்த வேலைக்குப் போக? ஒங்க ஊசிக்கு யாரு வருவா, இந்த ரிப்பனா வருவா? எந்த வீட்டுக் கொசு கடிச்சுச்சுன்னு கொசு வந்து சாட்சி சொல்லப் போகுதா? வாய மூடிக்கிட்டுக் கெடங்க.”

அவர் சுவிட்சை எட்டித் தட்டித் தொட்டி விளக்கை அணைத்தார். பிறகு மெல்லப் புரண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் விளக்கு எரியவில்லை. நான் போட்டால் அவர் அணைத்துவிடுவார். “எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுரு” என்றார் ஒருமுறை. “தொட்டி என்ன பாவம் பண்ணுச்சு? அதுலதான் மீனு கெடக்கே, ஒரு புழுவ விட்டு வைக்குமா?” என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அலுத்துப் போயிருந்தது. வேலைக்குப் போக அலுப்பு, வீட்டுக்கு வர அலுப்பு. தெருவில் எல்லாரும், “ஹாஃபிஸா வீட்டு டிரம்முதான், அன்னைக்கே நம்ம மகேஸ் கண்டுபுடிச்சுச்சே” என்று பேசினார்கள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிளேட்லெட் ஏறுகிறது என்று சேதி வந்தது. மாரியாத்தாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிள்ளை பிழைத்துவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று மனசு சட்டென்று சமாதானம் பண்ணிக்கொண்டது. அன்றைக்குக் கொஞ்சம் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கஞ்சியும் பருப்புத் துவையலும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெங்கு வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கொசுவலை கட்டியிருந்தது. சபிஹா வலைக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாடிப் போயிருந்தாலும் கண்ணில் களை வந்திருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா வலைக்குள் கையை விட்டு அவளுக்கு நிலவேம்புக் கசாயம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஹாஃபிஸா கட்டிலை விட்டு நாலடி தள்ளி, சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“பெரிம்மா, மீனு குட்டி போட்டுருச்சா?” என்றாள் சபிஹா.

“போடும் தங்கம். நீ வீட்டுக்கு வந்ததும் போடும்.”

நான் ஹாஃபிஸாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “கவுண்ட் ஏறிருச்சாமே. இன்னும் எதுக்குடி இப்பிடி மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்க? கஞ்சியக் குடி.”

அவள் வாளியைத் தொடவில்லை.

“நாளன்னைக்கு அனுப்பிருவாகளாம்க்கா. அவுக வந்து நேரா வத்தலக்குண்டுக்குக் கூட்டிட்டுப் போறாக. அவுக அக்கா வீட்டுக்கு. அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவாகளாம்.”

“நீ?”

“என்னய எங்கம்மா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக. தண்ணிய மூடத் தெரியாதவகிட்டப் புள்ளைய விட மாட்டேன்னு சொல்லிட்டாக. டாக்டரம்மா முன்னாலயே சொன்னாக. நாலு நாளா எங்கூடப் பேசல, நான் தொட்ட தண்ணியக் குடிக்கல.” அவள் அழவில்லை. அழுது முடித்த குரல் அது. “அவுக சொல்றதும் சரிதான. எங்க டிரம்முல இருந்துதான வந்துச்சு. நீங்கதான பாத்தீக.”

பிள்ளை பிழைத்ததோடு இது முடிந்தது என்று நான் தூங்கியிருக்கிறேன். இங்கே ஒருத்தி, நான் வாசலில் நின்று கத்தின அதே வார்த்தையை நாலு நாளாகத் தன் தலையில் வைத்துச் சுமந்துகொண்டிருக்கிறாள். ஆண்டிச்சாமியின் ஊசி கண் முன்னால் வந்தது. காலைக் கூட்டத்தில் இனிகோ நிற்பது வந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

“ஹாஃபிஸா, ஒங்க டிரம்முல இல்ல. அன்னைக்குக் கொட்டுனப்பறம் ஒங்க வீட்டுல ஒரு புழு இல்ல. மூணு வாரமும் நாந்தான பாத்தேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க வீட்டுல இருந்துச்சு. கொல்லையில, அந்த மீன் தொட்டிக்குப் பிடிச்சு வச்ச தண்ணி. தெறந்தே கெடந்துச்சு. மூணு வாரமா நான் எட்டிப் பாக்கல. பாக்காமயே ‘இல்ல’ன்னு எழுதிட்டு இருந்தேன்.”

“எப்பப் பாத்தீக?”

“செவ்வாக்கெழம.”

“இன்னைக்கு வெள்ளிக்கெழம.”

“ஆமா.”

அவள் என்னை அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் செல்போனை எடுத்தாள், நம்பரைப் போட்டாள், ஸ்பீக்கரை அமுக்கி என் முன்னால் நீட்டினாள்.

“அவுககிட்டச் சொல்லுங்க.”

பக்கத்துக் கட்டில் அம்மா கசாயத் தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினாள். எதிர்க் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். போனில் கரண்டி உரசுகிற சத்தம், பார்சல் கேட்கிற சத்தம், அதற்கு நடுவில் ஆசாத்தின் குரல், “என்ன?” என்றது.

“தம்பி, நான் மகேஸ்வரி பேசுறேன்.” குரலை இறக்கிப் பேசத்தான் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. “யாரு? சத்தமாப் பேசுங்க” என்றான். அதனால் முழு வார்டுக்கும் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, டிரம், மூன்று வாரம், பார்க்காமல் போட்ட கையெழுத்து, பார்த்த பிறகும் போட்ட கையெழுத்து.

கரண்டிச் சத்தத்துக்கு மேலே ஆசாத்தின் குரல் வந்தது.

“அக்கா, அவ அழுதான்னு பாவம் பாத்து ஒங்க தலையில போட்டுக்கிறீகளா? நீங்களாச்சும், வீட்டுல புழு விட்டு வைக்கிறதாச்சும். தெருவே நீங்க போட்ட சத்தத்தக் கேட்டுச்சு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் கண்டிப்பின்மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் குற்றம் செய்தேன் என்று நானே சொன்னால்கூட நம்ப மாட்டார்கள், ஹாஃபிஸா செய்தாள் என்றால் உடனே நம்புவார்கள்.

“வைக்காத தம்பி. அப்பிடியே லைன்ல இரு.”

என் போனை எடுத்து இனிகோவைக் கூப்பிட்டு, அதையும் ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். “சார், செவ்வாக்கெழம எங்க வீட்டுல புழு இருந்துச்சு. கூட்டுப்புழு. கொட்டிட்டு ‘இல்லை’ன்னு பொய்யா எழுதிட்டேன்.”

“அக்கா... என்னக்கா சொல்றீங்க? நீங்களா?”

“நாந்தான் சார்.”

இனிகோ, “நாளைக்கு வர வேணாம்க்கா. ஐடி கார்டு, டார்ச்சு, மருந்து பாட்டில் எல்லாத்தையும் ஆபீஸ்ல குடுத்துருங்க” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வைத்துவிட்டார்.

மற்ற போனில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. ஆசாத் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும், பஸ் ஹாரன் கேட்டது. “ஹாஃபிஸா” என்றான். “ஹாஃபிஸா, நான் வாரேன். இப்பவே வாரேன்” என்றான். அவள் போனை அணைத்துத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

“ஹாஃபிஸா, என்னய மன்னிச்சிரு தாயி” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “அவுக பேசாதது, சாப்புடாதது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்க்கா. மூணு நாளு. மூணு நாளைக்கு முன்ன நீங்க இதச் சொல்லியிருந்தா, எம்புள்ளைய நான் தூக்கியிருப்பேன். என் கை பட்டா அதுக்கு இன்னும் என்னமாச்சும் ஆயிருமோன்னு தொடாமக் கெடந்தேன். ராவுல அம்மா அம்மான்னு கூப்புட்டா. நான் போகல.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே எழுந்து, கொசுவலையைத் தூக்கிக் கட்டிலில் ஏறி, சபிஹாவை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வலையின் ஒரு ஓரம் மெத்தைக்கு வெளியே தொங்கியது. நான் குனிந்து அதை மெத்தைக்கு அடியில் சொருகினேன். ஹாஃபிஸா என் பக்கம் திரும்பவில்லை. நான் வெளியே வந்து, டவுன் பஸ்ஸுக்கு நின்றேன்.